விந்தாக்கா வைஃபைக்குப் போட்ட பூட்டு

விந்தாக்காவுக்கு எப்பேர்ப்பட்ட சுருட்டை முடியையும் நேராக்கத் தெரியும். 'முடியாது' என்று சொல்ல மட்டும் தெரியாது. சாந்தியாகோவில் எங்கள் சந்துக்கே அவள் வீட்டு முன்னறைதான் அழகு நிலையம். அவள் வீட்டு வைஃபைதான் தெருவுக்கே வைஃபை.

சனிக்கிழமை ஐந்து மணியானால், யார் தலையில் ரோலர் இருந்தாலும் அப்படியே விட்டுவிடுவாள். பாஸ்டனில் அப்பாவோடு இருக்கும் மகன் ஹோவர்லினுடன் இன்டர்நெட்டில் கார்ப் பந்தயம் ஆடும் நேரம் அது. அவன் இங்கே விட்டுப்போன பழைய விளையாட்டுக் கருவியில் அவள் ஓட்டுவாள். போனில் 'ம்', 'சரி' என்பதற்கு மேல் பேசாத பயல், பந்தயத்தின் நடுவில்தான் பல்வலியைப் பற்றியெல்லாம் சொல்வான். சில வாரங்களாக, தெருவே அந்த வைஃபையில் தொங்கியதால், இவள் கார் பாதியிலேயே உறைந்து நின்றது.

"இப்படியே நின்னுக்கிட்டிருந்தா அவன் வேற யார்கூடயாவது ஆடப் போயிடுவான்டி, யுனெல்கி. வைஃபைக்கு நல்ல பூட்டாப் போடு," என்றாள் என்னிடம்.

பள்ளிக்கூடமும் நானும் எட்டாவதோடு பிரிந்துவிட்டோம். இருந்தாலும் ரூட்டர் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதுவரை அதில் பூட்டே இல்லை. இருப்பதிலேயே பலமானதைப் போட்டேன், டபிள்யூ.பி.ஏ. மூன்று. போன் சேர்ந்துகொண்டது. விளையாட்டுக் கருவி சேரவே மாட்டேன் என்றது.

"அது பழசுக்கா. இந்தப் பூட்டு அதுக்குப் புரியல."

"அப்ப பூட்டே வேணாமா?"

"மூணு வேணாம், அதுக்கு முந்தின ரெண்டாம் நம்பர் பூட்டே போதும். ஆனா கடவுச்சொல் நீளமா இருக்கணும்."

ரோலர் மாட்டிய ஆட்டுக்குட்டி மாடியில் நடனமாடுவதாக ஒரு வாக்கியத்தைப் போட்டேன். எந்தக் கெட்டிக்காரனாலும் ஊகிக்க முடியாது. எதிர்வீட்டுப் பால்கனியில் அவள் தங்கை மிர்த்தா கத்தினாள்: "விந்தா! இன்டர்நெட் போச்சு!"

விந்தாக்கா ஜன்னலில் சாய்ந்து ஆட்டுக்குட்டியை முழுசாகக் கூவினாள். "நடுவுல இடம் விடாத!" என்றும் சேர்த்தாள். தெருவே போனை எடுத்து அதைத் தட்டியது.

"பூட்டைப் போட்டுட்டு சாவியை ஜன்னல் வழியா எறிஞ்சிட்டியேக்கா!"

"அவ என் கூடப் பொறந்தவடி."

மறுநாள் மாற்றினேன். அதையும் கூவினாள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அவள் வாய்க்கு ஒரு பொத்தானும் இல்லை. இருந்தாலும் அழுத்தியிருப்பேனா? தெரியவில்லை. என் போனும் அந்த வைஃபையை நம்பித்தானே இருக்கிறது.

எங்கள் சந்தில் சண்டையெல்லாம் வைஃபைப் பெயரில்தான். ஒருவர் 'சொந்தமா வாங்கு திருடா' என்று வைத்தால், எதிர்வீடு 'கஞ்சப்பய' என்று வைக்கும். சனிக்கிழமை ஐந்துக்குச் சற்று முன் விந்தாக்கா வைஃபையின் பெயரை மாற்றினேன். எல்லோர் இணைப்பும் அறுந்தது; விளையாட்டுக் கருவியை மட்டும் நானே திரும்பச் சேர்த்தேன். தேடியவர்களின் திரையில் புதுப் பெயர் வந்தது: 'விந்தா மகனோட ஆடுறா'.

வசவு வரும் என்று காத்திருந்தேன். மளிகைக்கடைப் பாட்டு சட்டென்று நின்றது. மிர்த்தாவின் தொடரும் நின்றது. கடவுச்சொல் தெரிந்தும் ஒருவரும் திரும்பச் சேரவில்லை.

பந்தயம் கடைசிவரை ஓடியது. விந்தாக்கா கடைசியாக வந்தாள்.

"அம்மா, நடந்தே வந்திருக்கலாம் நீ," என்று பயல் சிரித்தான். பிறகு குரலை இறக்கி, "இங்க ஸ்கூல்ல பக்கத்து சீட்டுல ஒருத்தன் என் பேச்சைக் கேலி பண்றான்மா," என்றான்.

"யாருடா அவன்? சொல்லு," என்றாள் விந்தாக்கா.

நான் சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.