வாயக்கா

உட்காருவதற்கு முன் நாற்காலியை நோயாளியின் முதுகுக்குப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வார். டாக்டரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேச வேண்டும். தன்னை யாரும் பார்க்கக் கூடாது. ஆங்கிலம் வராத தமிழர்களுக்காக, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் மொழிபெயர்க்கிறார். நர்சுகள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வாயக்கா. அதில் அவருக்குக் கோபமில்லை. "ஊருக்கெல்லாம் வாய் நான்தானே. எனக்குத்தான் வாயில்ல."

கன்னத்தில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய் அடக்கியிருப்பார். தொண்டை கட்டினால் பிழைப்புப் போய்விடும். வீட்டில் பேச்சே கிடையாது. "அம்மாவுக்கு இன்னிக்கு ஸ்டாக் தீந்துபோச்சு" என்று மகள் கிண்டல் செய்வாளாம்.

அவர் வேலையின் சட்டம், சொன்னதை மட்டும் சொல்வது. கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒரு பெரியவர் டாக்டரைப் பொடிப்பயல் என்றபோது அதையும் முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

அவருக்கு ஆகாத ஒரே சொல் டென்ஷன். "புருஷன் அடிச்சாலும் டென்ஷன், பஸ் லேட்டானாலும் டென்ஷன். நான் எதுன்னு போய்ச் சொல்ல?" டாக்டரோ அடிக்கடி 'ஆங்க்விஷ்' இருக்கிறதா என்று கேட்பார். வேதனை, தவிப்பு என்று எதைப் போட்டாலும் அக்காவுக்கு மனம் நிறையாது. ஒரு நாள் டாக்டரே விளக்கினார்: பழைய லத்தீனில் அதன் வேர், இடுக்கான இடம், கழுத்தை நெரிப்பது என்று போகிறதாம். அக்கா மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நம்ம ஆளுங்க வாயத் தொறந்தா இதத்தானே சொல்றாங்க, நெஞ்ச அடைக்குது, தொண்டைய அடைக்குதுன்னு." அன்றிலிருந்து அந்தச் சொல் வந்தால், "எங்கம்மா அடைக்குது?" என்றுதான் கேட்கிறார்.

நேற்று ஒரு பெண் வந்தாள். போன மாதம் பிறந்த குழந்தை தங்கவில்லை. அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவே இல்லை. பக்கத்தில் கணவன், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. வார்டில் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று டாக்டர் முடிவெடுக்க வேண்டும். அவரிடமிருந்து அந்த 'ஆங்க்விஷ்' கேள்வி வந்தது.

"எங்கம்மா அடைக்குது?"

கணவன் முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்லக்கா, வெறும் டென்ஷன். வீட்டுக்கு வந்தா சரியாயிடும்னு சொல்லுங்க."

அக்கா அப்படியே சொன்னார். டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, வீட்டுக்கு அனுப்பலாம் என்று தட்டத் தொடங்கினார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் கை கழுத்துக்குப் போயிற்று. போன கை இறங்கவில்லை. விரல்கள் கழுத்தோரத் தோலில் பதிந்து, பின்னாலிருந்த அக்காவுக்கும் தெரியும்படி வெளுத்துக்கொண்டிருந்தன.

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?" என்று திரையைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் கேட்டார் டாக்டர்.

அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்ல அக்காவுக்கு உரிமையும் இல்லை.

தரை கிறீச்சிட, அக்கா நாற்காலியை முன்னால் இழுத்து வந்து திரையை ஒட்டி, டாக்டரின் கண்ணில் படும்படி போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண்ணைப் போலவே தன் கையைத் தன் கழுத்தில் வைத்து அழுத்தினார். தட்டிக்கொண்டிருந்த டாக்டரின் விரல்கள் நிற்கும்வரை எடுக்கவில்லை.