சூளைப் பாஷை

களக்காட்டுப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் சமையல்காரி, சித்ரலேகா. அவள் தாளிக்கிற நெடிக்கு மலைப்புலியே இறங்கி வந்து, தும்மல் போட்டுவிட்டுத் திரும்பிப் போனதாம். புலியை நான் பார்க்கவில்லை. தும்மலைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேலைக்கு வந்தவர்கள் பீகார்க்காரர்களும் ஒடியாக்காரர்களும். அவர்களுக்குள்ளேயே ஒருவர் பேச்சு மற்றவருக்கு அரைகுறை. சித்ரலேகாவுக்கோ இரண்டும் தெரியாது. பசி காத்திருக்குமா? "பானி ஊத்து", "சோறு காவோ", "கல் அடுக்கு, ஜல்தி" என்று அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகப் பிடுங்கி நட்டதில், இரண்டு சீசனுக்குள் ஒரு பேச்சு முளைத்துவிட்டது. ஒடியாக்காரன் பீகாரியோடு சண்டை போடுவது அதில்தான். முதலாளி அருணாசலம் அண்ணாச்சி அதிகாரம் பண்ணுவதும் அதில்தான். சூளைப் பாஷை என்று பேர். அதில் தடங்கலில்லாமல் வாயாடியவர்கள் சித்ரலேகாவும், பிர்ஜு என்கிற பீகார்க்காரனின் மனைவி பூல்மதியும். பூல்மதி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

மண் அரைக்கிற மெஷினில் கட்டி சிக்கினால் நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும். அண்ணாச்சி நிறுத்த விடமாட்டார். "மெஷின் பந்த் நஹி!" என்று கத்துவார். ஓடும்போதே கையை விட்டு எடுப்பது அங்கே வழக்கமாகிப் போனது. மாசியில் ஒரு நாள் பிர்ஜுவின் கையைப் பிடித்த மெஷின் அவனையே உள்ளே இழுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் மற்ற ஆட்களை லாரியில் ஏற்றி வேறு சூளைக்கு அனுப்பிவிட்டு, அண்ணாச்சி போனும் கையுமாக அடுப்படிக்கு வந்தார்.

"ஏட்டி சித்ரா, அவம் பொண்டாட்டிட்ட நீ சொல்லு. குடிச்சிட்டுப் போயி விழுந்துட்டாம்னு. நீ சொன்னா நம்புவா."

"அவன் காப்பியே குடிக்க மாட்டானே அண்ணாச்சி."

"நீ ரொம்பக் கண்ட! சூளைப் பாஷையிலயே பேசு, எனக்கும் வெளங்கணும். மாத்திச் சொன்னியோ, குடிசைய இன்னைக்கே காலி பண்ணிரு."

அவள் குடிசை இருந்ததும் அவர் நிலத்தில்தான்.

பூல்மதி எடுத்தாள். பின்னால் குழந்தை சிணுங்கியது. "அக்கா! சோறு காயா?" சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பு.

தூக்கு, போடு, தின்னு, சீக்கிரம் என்று அந்தப் பாஷையில் இருந்ததெல்லாம் வேலைக்கு ஆன வார்த்தைகள். சாவுக்கு ஒன்று உண்டாக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. இருந்ததை வைத்தே சித்ரலேகா சொன்னாள்.

"பிர்ஜு மெஷின் உள்ளே. முழு ஆள் உள்ளே. மொதலாளி சொன்னது, மெஷின் பந்த் நஹி. சாராயம் நஹி, பூல்மதி. சாராயம் நஹி."

அண்ணாச்சிக்கு எல்லாம் விளங்கியது. பாதி அவர் வார்த்தைகள்.

அந்தப் பக்கமிருந்து, "பைய கயா?"

நோகாமல் போனாரா என்று கேட்கிறாள். 'பைய', சித்ரலேகா சொல்லிக் கொடுத்த வார்த்தை. தலைச்சுமையை இறக்கி வைக்கும்போது சொல்வது.

பிர்ஜு அலறியதைச் சூளையே கேட்டிருந்தது.

"ஹாங்," என்றாள் சித்ரலேகா. "பைய கயா."

அண்ணாச்சி போனைப் பிடுங்கினார். மத்தியானத்துக்குள் அவளுடைய பாத்திரங்கள் ரோட்டில் கிடந்தன. அவளிடம் போன் கிடையாது. பூல்மதியின் நம்பரும் தெரியாது.