பழைய வீட்டுக்காரரின் கரண்டு பில்

வீடு வாங்குகிறவர் கையில் சாவியைச் சேர்ப்பது வக்கீல் ஆபீஸ் கிராணியின், அதாவது குமாஸ்தாவின், வேலை. சாவியோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பிய்த்துப் போடுவதும் அவள் தலையில்தான் விடியும். குளுவாங்கில் முப்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். வீடு வாங்கி வேர்த்தவர்களே, இது உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ரொட்டிப் பையில் ஒரு பில்

செல்வி பக்கத்து ஊரான பாலோவில் ஒரு தரைவீடு வாங்கினாள். தொழிற்சாலையில் அவள் நின்ற பன்னிரண்டு வருஷமும், சிங்கப்பூருக்குப் போய்வரும் கணவனின் உழைப்பும் சேர்ந்த வீடு. சாவி வாங்கிப் பத்தாம் நாள் கரண்டு நின்றுபோனது. வாசலில் கிடந்த பில்லில் பழைய வீட்டுக்காரரின் பெயர். பாக்கி நாலாயிரத்துச் சொச்சம் ரிங்கிட்.

அதை ஒரு ரொட்டிப் பையில் சுற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். மாதக் கடைசிக்குள் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று என்னையே கேட்டாள். பிறகு பொருமினாள்: "அக்கா, அந்த ஆளு ஏர்கோன் போட்டுத் தூங்குனதுக்கு நான் ஏன் வேர்க்கணும்?"

கொழுந்தன் கொண்டுவந்த பாரம்

மறுநாள் அவளுடைய கொழுந்தன் குமார் ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தான். கரண்டு ஆபீஸ் கவுண்டரில் பழைய பில்லை நீட்டி, "இதைத் தவணையில கட்டலாமா?" என்று கேட்டிருக்கிறான். கேட்டதற்கு ஏற்ற பாரத்தைத் தந்துவிட்டார்கள். செல்வி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நம் ஆட்கள் இப்படித்தான். நல்ல காரியத்துக்கு முன்னால் சண்டை எதற்கு என்று அடுத்தவர் சுமையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார்கள்.

பேனாவை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். கரண்டுக்கு ஒப்பந்தம் போட்டவர் பழைய வீட்டுக்காரர், அதனால் பாக்கியும் அவருடையது, செல்வி இதில் கையெழுத்துப் போட்டால் தானாகவே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று விளக்கினேன். ஏல வீடாக இருந்தால் ஏல நிபந்தனைகளையும் படித்துப் பார்க்க வேண்டும். இது நேரடியாக வாங்கிய வீடு. பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குமார் சொன்னான்: "அதெல்லாம் சரிக்கா, ஆனா பாலு பொங்குறப்ப லைட்டு எரியுமா எரியாதா, அதச் சொல்லுங்க லா."

லாபிஸிலிருந்து ஒரு குரல்

பழைய வீட்டுக்காரர் லாபிஸில் மகள் வீட்டில் இருந்தார். போன் போட்டேன். பின்னால் கோழிகள் கத்தின. சாவி கொடுக்கும் நாள்வரை வரும் பில்லெல்லாம் விற்பவர் பொறுப்பு என்ற வரியை விற்பனை ஒப்பந்தத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். கோழிகளை அதட்டிவிட்டு அவர் கேட்டார்: "அலமாக், மேடம்! வீட்ட அப்படியே, இருக்கிறபடிதான வித்தேன்?"

கவுண்டரில்

சாவி கைமாறும் நாளில் விற்பவரையும் வாங்குபவரையும் கரண்டு மீட்டர் முன்னால் நிறுத்தி, அதிலுள்ள எண்ணை எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். சின்ன வக்கீல்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆளில்லாத வீட்டில் மீட்டர் ஒன்றுதான் கடைசியாக உண்மை பேசுகிறது.

பழைய வீட்டுக்காரர் கட்டமாட்டார் என்று தெரிந்துபோனதால், செவ்வாய்க்கிழமை நானும் செல்வியும் கவுண்டருக்குப் போனோம். பழைய பில்லைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பில் கட்ட வரவில்லை, புதுக் கணக்குத் திறக்க வந்திருக்கிறோம் என்றேன். விற்பனை ஒப்பந்தம், சாவி கொடுத்த கடிதம், மீட்டர் எண் எழுதிய தாள் மூன்றையும் வைத்தேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த மலாய்ப் பெண் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்வியின் கை என் முழங்கையைப் பற்றியது. திரும்பி வந்த பெண் வைப்புத்தொகையை மட்டும் கட்டச் சொன்னாள். புதுக் கணக்கு தாளிலுள்ள எண்ணிலிருந்து தொடங்கும் என்றாள். பழைய பாக்கி என்று செல்வி இழுத்தபோது, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் மலாயில் சொன்னாள்: "அது அவரோட கடன் அக்கா, அவரையே தேடிப் போகும்."

பால் பொங்கிய காலை

வியாழன் மாலை கரண்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது நல்ல வெயில். ஆனாலும் அந்த வீட்டில் கழிவறை விளக்கு உட்பட எல்லாமே எரிந்துகொண்டிருந்தன. நான் குடியிருந்த வீடுகளில் ஒரே சமயத்தில் ஒரு விளக்குக்கு மேல் போட்டதில்லை. அன்று கண் கூசும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கியது. குமார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினான். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த கணவன் கரண்டை வீணாக்காதே என்று சுவிட்சை அணைக்கப் போனான். செல்வி குறுக்கே நின்று, கழுத்துச் சங்கிலி மின்ன, அவனைத் தடுத்தாள்: "விடுங்க, இனிமே எரியுறதெல்லாம் எம் பேர்லதான் எரியுது!"

அடுத்த மாதம் தன் பெயரில் வந்த முதல் பில்லோடு ஒரு டப்பா கேசரியும் கொண்டுவந்தாள். கரண்டு பில் வந்ததற்கு ஒருத்தி இனிப்புக் கொடுத்து இந்த முப்பது வருஷத்தில் நான் தின்றது அந்த ஒரு தடவைதான்.