குடியம் போன ஞாயிறு

போன வாரம் சளி பிடித்து, கொதிக்கிற நொச்சித் தண்ணீருக்கு மேல் போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மூக்கு திறந்ததும் பழைய எரிச்சல் ஒன்றும் சேர்ந்து திறந்துகொண்டது. குடியம் காட்டில் வழியெல்லாம் இந்த வாசனைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குத் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை. பூண்டிக்கு அந்தப் பக்கம் குடியத்தில் ஆதிமனிதர்கள் இருந்த குகை இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, பேக்கிங்கில் இருந்த ஸ்டெல்லா அக்கா தினமும் அதையே பேசி எங்கள் ஏழு பேரைக் கிளப்பினார். ஆறு பேர் அக்கா கட்டிவந்த புளிசாதத்துக்காக வந்தவர்கள். நான் நிஜமாகவே குகை பார்க்க.

ரயில், பஸ், அப்புறம் நடை. இரண்டு பக்கமும் மேடு, நடுவில் முள்ளும் மரமுமாகப் பள்ளத்தாக்கு. அக்கா நாலடிக்கு ஒருதரம் குனிந்தார். ஒரு கல்லை என் கையில் வைத்து, "புடிச்சுப் பாரு, கைக்குன்னே செதுக்கியிருக்கான்" என்றார். கட்டைவிரலுக்குச் சரியாக ஒரு குழி இருந்தது.

"இன்னாக்கா, கல்லு பொறுக்கவா இட்டாந்தே? பசிக்குது" என்றான் லேத் ரவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

முதல் குகை சின்னது. அங்கேயே சோற்று மூட்டையைப் பிரித்தோம். பெரிய குகை இன்னும் தள்ளி என்றதும், "மூணு மணி பஸ்ஸ உட்டா ஊடு போய்ச் சேர முடியாது" என்று ரவி காலை நீட்டிப் படுத்துவிட்டான். மற்றவர்களும் அசையவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். "நீயாச்சும் வரியா?"

போக ஆசைதான். ஆனால் தனியாக அவரோடு போனால் திங்கட்கிழமை கம்பெனியில் என்ன பேசுவார்கள்? "அடுத்த வாட்டி பாத்துக்கலாங்க்கா" என்றேன்.

அவர் தனியாகவே போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. கையெல்லாம் முள் கீறல், தலையில் சருகு, முகத்தில் மட்டும் அப்படியொரு வெளிச்சம். "டேய், அங்க..." என்று ஆரம்பித்தார்.

"பஸ் பூட்ச்சுக்கா, உன்னாலதான்!" என்று ரவி கத்தினான். ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். அக்கா தலையில் இருந்த சருகைத் தட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

பூண்டி வரை நடந்தே போனோம். அங்கே என்ன பார்த்தாய் என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. பக்கத்திலேயே நடந்த நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் கட்சி என்று ஆகிவிடுமாம். சிரிக்காதீர்கள், இருபத்திரண்டு வயதில் எனக்கிருந்த வீரம் அவ்வளவுதான்.

அடுத்த வாட்டி வரவே இல்லை. சில மாதத்தில் அக்கா கல்யாணமாகி வடக்கே போய்விட்டார். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் ஒருநாள் ரவியைப் பார்த்தேன். குடியம் போனதே அவனுக்கு ஞாபகமில்லை. மேனாம்பேட்டில் அக்காவின் அம்மா வீட்டைத் தேடிப் போனேன். அது நின்ற இடத்தில் அடுக்குமாடி. வாட்ச்மேன், "ஸ்டெல்லாவா? எந்த ஃபிளாட்டு சார்?" என்றான்.