பெட்டியில் கடுதாசி வராது

போர்ப் படம் எது வந்தாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவது எனக்கும் அண்ணாவுக்கும் வழக்கம். அண்ணா ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். 1971 டிசம்பர்ச் சண்டையின்போது மேற்கு எல்லையில் ஒரு பட்டாலியன் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தான். துப்பாக்கியைத் துடைத்த நாள்கள் உண்டு, சுட்ட நாள் இல்லை என்பான். நான் வில்லிங்டன் தீவில், துறைமுக அலுவலகத்தில், கப்பல்கள் வருவதையும் போவதையும் பதிவேட்டில் எழுதி ஓய்வு பெற்றவன். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பார்த்த படங்களுக்கென்று தனி நோட்டு உண்டு. தேதி, தியேட்டர், கூட வந்தவர்கள், கடைசியில் பிழைகள்.

பிழைகள்தான் எங்கள் விளையாட்டு. படம் முடிந்து, வீடு திரும்ப தேவரா நிறுத்தத்தில் பஸ் ஏறியதும் ஆரம்பிக்கும். ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கம், பஸ் தோப்பும்படிப் பாலம் இறங்குவதற்குள் பட்டியல் முடிய வேண்டும். பாலத்துக்கு இப்புறம் சொல்வது கணக்கில் சேராது. டிசம்பர் மாதத்துப் பஞ்சாபில் கோதுமை முற்றிப் பொன்னிறமாக நிற்கும் படம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவன் அண்ணா. "அந்த மாசம் அங்கே முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல் மாதிரி நிக்குமாக்கும். அதுக்குள்ள அறுவடைப் பாட்டு வேற" என்றான். சிப்பாய் தொப்பியில்லாமல் சல்யூட் அடிப்பது, சண்டைக்கு நடுவே எல்லோரும் முகச்சவரம் செய்துகொண்ட முகத்தோடு இருப்பது, இவையெல்லாம் அவன் பங்கு. தேதிப் பிழைகள் என் பங்கு.

"ரெண்டு பேரும் சினிமா பார்க்கப் போறேளா, பரீட்சைப் பேப்பர் திருத்தப் போறேளா?" என்று மன்னி கேட்பாள். கேட்டுக்கொண்டே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியும் விடுவாள்.

அந்தப் படத்துக்குப் போனது ஒரு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை, மதியக் காட்சி. 1971 சண்டையைப் பற்றிய படம். கடைசிப் பகுதியில், இறந்துபோன சிப்பாயின் தகரப் பெட்டி அவன் கிராமத்து வீட்டுக்கு வருகிறது. மனைவி பூட்டைத் திறக்கிறாள். சட்டை, பெல்ட், சோப்புப் பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் பாதி எழுதிய கடிதம் ஒன்று. அதை அவள் வாசிக்கிறாள். தியேட்டரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. நான் உறையின் மேலிருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் முதல் பிழை என்னுடையது. "உறைமேல ஆறு இலக்கப் பின்கோடு எழுதியிருக்கான். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் பதினஞ்சுக்குத்தான். செத்துப்போனவன் எட்டு மாசம் முன்னாடியே எப்படி எழுதினான்?"

அண்ணா சிரிக்கவில்லை. கடற்படைத் தளத்து மதில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "உன் முறை" என்றேன்.

"பெட்டியில கடுதாசி வராது" என்றான்.

எழுதிக்கொண்டேன். இரண்டாவது பிழை, பெட்டியில் கடுதாசி வராது. "ஏன் வராது?" என்று கேட்டேன், விவரத்துக்காக.

"நாங்க எடுத்துடுவோம்."

அடுத்த முறையை எனக்கே விட்டுவிட்டான். எனக்கு இன்னும் மூன்று பிழைகள் இருந்தன. எல்லாவற்றையும் பாலம் வருவதற்குள் நானே சொல்லி முடித்தேன். பஸ் இறங்கி, யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் சாயாக்கடையில் உட்கார்ந்தபோதுதான் மன்னி மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பெட்டி சீன்ல என் கையைப் பிடிச்சவர் இன்னும் விடலை, பார்த்தயா? எப்பவும் அப்படித்தான். நீ நோட்டையே பார்த்துண்டிருப்பே."

அண்ணா மன்னியின் கையை விட்டுவிட்டு சாயா கிளாஸை எடுத்தான். கடைக்காரச் சேட்டன் அடுத்த மேஜைக்குப் போகும்வரை காத்திருந்து, பிறகு சொன்னான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக மன்னியிடமும் சொல்லாதது.

ஒருவன் இறந்தால் அவன் சாமான்களைப் பட்டியல் போட்டு, பெட்டியில் அடுக்கி, வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஆபீசில் டைப் அடிப்பவன் அண்ணா. காகிதங்களை ஒருவர் படித்துப் பார்ப்பார். வீட்டாரை நோகடிக்கும்படி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுவது அங்கே வழக்கம். ஆபீசர்களுக்குத் தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மலையாளம்தான்; அம்மா வாங்கிய வாரப் பத்திரிகைகளில் தமிழ் படித்துக்கொண்டவன் அண்ணா. அதனால் தமிழ்ச் சிப்பாய்களின் காகிதங்களெல்லாம் அவன் மேஜைக்கு வந்தன.

அவர்களில் ஒருவர் அவனுக்குத் தெரிந்தவர். ராமநாதபுரம் ஜில்லாக்காரர், வயதில் சற்று மூத்தவர். தினமும் ஆபீஸ் கூடாரத்து வாசலில் வந்து நின்று, "தம்பி, எனக்குக் கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பார். சண்டை நாள்களில் தபால் எங்கோ தேங்கிக் கிடந்தது. அவர் இறந்து ஒரு வாரம் கழித்துத் தபால் பை வந்தது. அதில் அவர் மனைவியின் கடிதங்கள் நான்கு.

"நாலையும் பிரிக்காம பெட்டியில வெச்சேன்" என்றான் அண்ணா. "அவ எழுதினது அவளுக்குத்தானே போகணும். அவரோட எழுதற பேடுல பாதி எழுதின கடுதாசி ஒண்ணு இருந்தது. அதை மட்டும் கிழிச்சு எடுத்தேன்."

"என்ன பண்ணினே?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

மறுநாள் காலை பென்ஷன் காகிதங்களுக்குள்ளிருந்து அதை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தான். மடிப்பில் பழுத்திருந்தது, எழுத்து மங்கவில்லை. மனைவிக்கு எழுதியது. இத்தனை நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, அங்கே உனக்கு அப்படி என்ன வேலை, எழுத இஷ்டமில்லையென்றால் சொல்லிவிடு, நானும் நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரே ஏச்சு. கடைசியில் ஒரு வரி: 'பாப்பாவுக்குப் பல்'. அதோடு நின்றிருந்தது.

"புருஷனோட கடைசி வார்த்தை இதுவா இருக்கப்படாதுன்னு எடுத்தேன்" என்றான். "அப்போ எனக்கு இருபத்துமூணு வயசு. கல்யாணம் ஆகலை. நேத்து அந்த சினிமால அவ படிக்கறதைப் பார்த்தப்புறம் தோணறது, தப்புப் பண்ணிட்டேன். நாளைக்கே போலாம்டா."

கடிதத்தின் தலைப்பில் அவர் எழுதியிருந்த வீட்டு விலாசத்தைப் பார்த்தேன். பின்கோடு இல்லை, இருக்கவும் முடியாது. ராமநாதபுரம் ஜில்லாவை 1985இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பழைய ஜில்லாவுக்குள் அதே பெயரில் இரண்டு கிராமங்கள் இருப்பது என் வரைபடத்தில் தெரிந்தது. "முதல்ல எந்த ஊருன்னு நிச்சயம் பண்ணிக்கலாம்" என்றேன்.

"ரெண்டு ஊருக்கும் போய்க் கேட்டாப் போறது."

"இந்த வயசுல ஊர் ஊரா அலையறதா? அவா இருக்காளான்னே தெரியாது. நான் எழுதிக் கேக்கறேன்."

இரண்டு ஊர்த் தபால் நிலையங்களுக்கும் எழுதினேன். ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து, அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. மற்றதிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாபகப்படுத்தி இன்னொரு கடிதம் போட்டேன். மார்கழியில் பதில் வந்தது. அந்தக் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அண்ணா அன்றைக்கே பையை எடுத்துவைத்தான். சபரிமலைக் கூட்டத்தில் செங்கோட்டை வழி ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, மகரவிளக்கு முடியட்டும் என்றேன். முடிந்தது. பிறகு படுக்கை டிக்கெட்டுக்குக் காத்திருந்தோம். கீழ்ப்படுக்கையாக வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். மன்னி இரண்டு தடவை, "நின்னுண்டாவது போய்ட்டு வாங்களேன்" என்றாள். அண்ணா என்னைப் பார்த்தான். தேதி, ரயில், விலாசம் என்றால் எங்கள் வீட்டில் நான் சொல்வதுதான் முடிவு. அப்படியே ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

மாசியில் போய்ச் சேர்ந்தோம். ஓட்டு வீடு, பக்கத்தில் புதிதாக ஒரு காங்கிரீட் அறை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வெளியே வந்தாள். அண்ணா அவள் அப்பா பெயரைச் சொல்லி, பட்டாலியனில் கூட இருந்தவன் என்றான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "உள்ள வாங்கய்யா" என்றாள். உள்ளே சுவரில் படம் இருந்தது. புதுப் படம், புது மாலை.

"அம்மா போன மாசம் தவறிருச்சுய்யா" என்றாள். "நெஞ்சு வலின்னுச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அதுவரைக்கும் நல்லாத்தேன் இருந்துச்சு, முதல் நாள்கூடத் தண்ணி எடுத்துச்சு."

தை எத்தனாம் தேதி என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. சொன்னாள்.

அண்ணா கடிதத்தை எடுக்கவில்லை. அவளாகவே பேசினாள். அப்பாவின் பெட்டி வந்ததை அம்மா சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். "எல்லாம் சரியா இருந்துச்சாம்யா. சோப்புப் பெட்டிகூட. அம்மா போட்ட காயிதம் நாலும் பிரிக்காமத் திரும்பி வந்துச்சு. எழுதுற அட்டையில ஒரு தாள் மட்டும் கிழிச்சிருந்துச்சு. 'எங்கிட்டயிருந்து வந்ததைப் பிரிக்கக்கூட இல்ல, வேற யாருக்கோ ஒரு காயிதம் எழுதியிருக்காரு, யாருக்குன்னுதேன் தெரியல'ன்னு அம்மா சொல்லும். சண்டை போட்டெல்லாம் சொல்லாது. சும்மா சொல்லும். அரிசி புடைக்கும்போது, விளக்கேத்தும்போது."

என் அண்ணா அடுக்கிய பெட்டி அது. அவன் டைப் அடித்த பட்டியலில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

அவன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தான். "நான்தாம்மா கிழிச்சேன்" என்றான். "உங்கம்மாவுக்கு எழுதினது. வேற யாருக்கும் இல்லை. உங்கம்மா கடுதாசி அவர் இருக்கறவரைக்கும் வரவே இல்லை. தினம் வந்து வாசல்ல நின்னு கேட்பார்."

அவள் வாசலின் வெளிச்சத்துக்குப் போய், எழுத்துக் கூட்டிப் படித்தாள். நேரம் ஆயிற்று. ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "என்னா ஏச்சு ஏசிருக்காக" என்றாள். "இப்பிடித்தேன் ஏசுவாகளாம். அம்மா இதைக் கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருக்கும்."

பிறகு கடைசி வரிக்கு வந்திருக்க வேண்டும். கடிதத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்த அட்டை இருக்காம்மா?" என்று அண்ணா கேட்டான்.

"இல்லய்யா. அம்மா தலைமாட்டுலயே வெச்சிருக்கும். அதையும் அந்த நாலு காயிதத்தையும் கூடவே வெச்சு எரிச்சிட்டோம்." காபி போட உள்ளே போகத் திரும்பியவள் வாசற்படியில் நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை. "ஒரு ரெண்டு மாசம் முன்ன வந்திருக்கலாமேய்யா."

அண்ணா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வந்திருக்கணும்மா" என்றான்.

திரும்பும் ரயிலில் இரண்டு பேருக்கும் கீழ்ப்படுக்கை கிடைத்திருந்தது. அண்ணா படுக்கவில்லை. செங்கோட்டை தாண்டி மலைக்குள் நுழையும்வரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். சிரித்தாளே, அந்த இடத்தில் அவள் பல்லைப் பார்த்தாயா என்று கேட்டான். பார்க்கவில்லை என்றேன். முன்பல் இரண்டும் அப்பாவைப் போலவே கொஞ்சம் விலகி இருந்தது என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டான். "சினிமா பார்த்த அன்னிக்குலேர்ந்து அவ போற வரைக்கும் எத்தனை நாள்டா இருந்தது?"

நோட்டு என் பையில்தான் இருந்தது. அதைத் திறக்கவும் தேவையில்லை. அந்த வீட்டில் அவள் தேதி சொன்ன கணமே நான் எண்ணி முடித்திருந்தேன்.

"தெரியலை, அண்ணா" என்றேன்.

ஒரு தேதி தெரியாது என்று அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சரி, படுத்துக்கோ" என்று சொல்லி, தன் போர்வையையும் எடுத்து என் கால்மேல் போட்டான்.