ஒன்பது நிமிடத் தேசிய வீராங்கனை

இலங்கைப் பெண்கள் எழுவர் றக்பி அணிக்காக நான் ஒரு பருவம் விளையாடியிருக்கிறேன். விளையாடினேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மூன்று நாடுகளுக்குப் போய்வந்ததில், எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம் மைதானத்துக்குள் நின்றேன். மிச்ச நேரமெல்லாம் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றேன். ஆனால் எங்கள் பகுதியில் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால், நாட்டையே நான்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று நினைத்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் இருநூறு மீட்டர் ஓடுவேன். அதற்குப் பிறகு ஹட்டனில் ஒரு பாமசியில் மருந்து விற்கும் வேலை. நுவரெலியாவில் பெண்கள் றக்பி அணி ஒன்றைத் தொடங்கிய கோச், பழைய மாகாணப் போட்டிகளில் ஓடியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடி வந்தார். எனக்கு றக்பி தெரியுமா என்று அவர் கேட்கவேயில்லை. சிங்களத்தில் இரண்டே கேள்விகள்: இன்னும் ஓடுவாயா? விழுந்தால் அழுவாயா? முதலாவதற்கு ஆம் என்றேன். இரண்டாவதற்குப் பொய் சொன்னேன்.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பனியிலும் சேற்றிலும் விழுந்து எழும்பிய பிறகு, தேசிய அணிக்கான தெரிவுக்கு என் பெயரும் போனது. தெரிவானதாகக் கோச் போனில் சொன்னார். பாமசி முதலாளியோ கடிதம் இல்லாமல் லீவு இல்லை என்றார். கடிதம் வரவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளின் கதவுகளுக்கு இலக்கமும் கிடையாது, தபால்காரரும் கிடையாது. எல்லாத் தபாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். பதினோராவது நாள் நான் நேரே போய்க் கேட்டபோது, கிளாக்கர் ஐயா மேசை லாச்சியிலிருந்து எடுத்துத் தந்தார்.

“இங்கிலீசுல இருந்துச்சு புள்ள, மேல சிங்கம் வேற போட்டிருந்துச்சு. ஏதோ கோட்டு கேஸுன்னு நெனச்சேன். உங்க அப்பா மனசு ஒடஞ்சி போயிருமேன்னு பத்திரமா வச்சிருந்தேன்.”

நாட்டுக்காக விளையாட அழைக்கிறார்கள் என்றதும் அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கி, போட்டோகாப்பி எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்.

அம்மாவுக்கு விளையாட்டை விளங்கப்படுத்தினேன். ஒரு பக்கம் ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம், இரண்டு பாதி. அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துப் போடும் சாக்கை மடித்துக்கொண்டே கேட்டார்.

“பதினாலு நிமிஷத்துக்கா பிளேன்ல போறீங்க?”



புறப்படுவதற்கு முன் கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. ‘கொழுந்துக் கூடையிலிருந்து சர்வதேச மைதானத்துக்கு’ என்று தலைப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். கூடையைத்தான் கொண்டுவரவில்லை. எங்கள் தோட்டத்தில் எல்லோரும் இப்போது பொலித்தீன் சாக்குதான் கட்டுகிறார்கள்; கூடையைக் கண்டு பல வருடமாகிறது. கடைசியில் வெள்ளைக்காரர்கள் தங்கும் பழைய பங்களா ஹோட்டலின் வாசலில் பூ வைத்திருந்த கூடையை, பூவைக் கொட்டிவிட்டு இரவல் வாங்கி வந்தார்கள்.

“நான் பாமசியில வேலை செய்றேன்” என்றேன். “ஒரு நாளும் கொழுந்து பறிச்சதில்ல.”

நிகழ்ச்சி நடத்திய பெண் அன்பாகச் சிரித்தார். “பரவாயில்ல தங்கச்சி. கை மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

வேலைக்கு நின்ற அம்மாவின் பக்கத்திலேயே என்னை நிறுத்தினார்கள். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பறித்துக் கூடைக்குள் போட்டேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“அது கொழுந்து இல்லடி, முத்துன எல. அத கொண்டுபோய் தராசுல நிறுத்தா கங்காணி மூஞ்சியிலதான் எறிவாரு.”

ஒலிவாங்கியை நீட்டி, இந்தக் கூடையைச் சுமந்த பலம்தானே உங்களை எதிரிகளை மோதித் தள்ள வைக்கிறது என்று கேட்டார்கள். பனடோல் மாத்திரைப் பெட்டிகள் அவ்வளவு பாரம் இல்லை என்று சொன்னேன். ஒளிபரப்பில் அந்தப் பதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சோகமான புல்லாங்குழல் இருந்தது. ஏதோ வேலையாக வந்த துரை, எங்கள் தோட்ட மேலாளர், கேமராவுக்குள் புகுந்து, எங்கள் தோட்டம் எப்போதும் திறமைக்குக் கைகொடுக்கும் என்றார். அவர் சொன்னதை முழுசாகப் போட்டார்கள்.

மூன்று நாடுகளில் மூன்று சுற்றுப் போட்டிகள். முதல் சுற்றில் நான் பதின்மூன்றாவது ஆள். அணியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதின்மூன்றாவது ஆள் யாருக்காவது கால் முறிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாமல், ஆனால் முறிந்தால் தயாராக இருக்க வேண்டும். ஐஸ் பையைச் சுமப்பது என் பொறுப்பு. எங்களோடு வந்த அதிகாரிகள் நான்கு பேர். அவர்களில் இருவருக்கு என்ன வேலை என்று பருவம் முடியும்வரை யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எங்களை வட்டமாக நிறுத்தி, “நாம் தோற்கவில்லை, கற்றுக்கொண்டோம்” என்பார். அந்தச் சுற்றில் நாங்கள் ஐந்து ஆட்டத்தில் நான்கில் கற்றுக்கொண்டோம்.

இரண்டாவது சுற்றில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்தில், நாங்கள் மீள முடியாத அளவு பின்தங்கிய பிறகு, கோச் என்னைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம் இருந்தது. ஒரே ஒரு தடவை பந்து என் கைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே முன்னால் நழுவி விழுந்தது. றக்பியில் பந்து முன்னால் விழுந்தால் தப்பு. நடுவர் ஊதினார். அவ்வளவுதான் என் சர்வதேச அறிமுகம்.

கடைசிச் சுற்றில், கடைசி நாளில், ஏழாம் இடத்துக்கான ஆட்டத்தில் நன்றாகவே விளையாடவிட்டார்கள். இரண்டாவது பாதியில் ஓரக்கோட்டின் பக்கமாகப் பந்து எனக்கு வந்தது. இந்த முறை அது கையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு முன்னால் ஒருத்திதான் இருந்தாள். நான் உள்ளே வருவதுபோல் காட்டி வெளியே போனேன். பிறகு வெறும் புல். பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடிவருவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்தபோது கொஞ்சம் அழுதேன். கோச் கேட்ட கேள்விக்கு அன்று நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால் இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டேன்.

அம்மா இதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். லயத்தில் சிக்னல் இல்லாததால் தண்ணி டேங்குக்கு மேலே ஏறி நின்று பார்த்திருக்கிறார்.

“நீ பந்த வாங்குன. அப்பறம் போன்ல வட்டம் சுத்துச்சு. மறுபடி தெரியிறப்ப நீ குனிஞ்சு மூச்சு வாங்கிகிட்டு நிக்கிற. நடுவுல என்னா நடந்துச்சு?”

நடுவில் நடந்ததுதான் எல்லாமே என்று சொன்னேன்.

நாங்கள் ஏழாம் இடம். எத்தனை அணிகளில் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை என்பதால் நானும் சொல்லவில்லை. எட்டு.

திரும்பி வந்தபோது தலவாக்கலையில் வரவேற்பு. பஸ் நிலையத்திலிருந்து கடைத்தெரு முடியும்வரை போஸ்டர். மேலே ஒரு தலைவரின் முகம், கீழே அவருடைய கைகூப்பல், நடுவில் கொஞ்ச இடம் மிச்சமிருந்ததால் வீராங்கனை. பெயர் என்னுடையது, எழுத்துப்பிழைகூட இல்லை. முகம்தான் வேறு. குருணாகல் பக்கத்திலிருந்து வந்து என்னோடு ஒரே அறையில் தங்கிய சிங்களத் தோழி, பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவருகிறாள். இணையத்தில் தேடி எடுத்திருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு ஐஸ் பையும் அதைப் பிடித்த முழங்கையும் தெரிந்தன. அது நான்.

தலைவர் எனக்கு மாலை போட்டு, மலையகத்தின் மகள் கிரிக்கெட்டில் அடித்த சிக்ஸர்கள் கொழும்பை அதிரவைத்தன என்று பேசினார். பக்கத்தில் நின்றவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தலையாட்டிவிட்டு, “எந்தப் பந்தா இருந்தா என்ன” என்று தொடர்ந்தார். மைதானம் கட்டித் தருவதாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், மேடையில் வேறென்ன செய்வது?

தோழிக்குப் போஸ்டரைப் படமெடுத்து அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரித்து ஒரு குரல் பதிவு அனுப்பினாள். சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் தொடங்கியதும் வீட்டாரோடு மலை ஏற அடிவாரத்து ஊரான நல்லதண்ணிக்கு வந்தவள், அவர்களை வேனில் அனுப்பிவிட்டு என்னோடு இரண்டு நாள் தங்க வருவதாகச் சொன்னாள். ஹட்டனில் இறங்கியவளை நான் போய்க் கூட்டிக்கொண்டேன்; எங்கள் தோட்டத்து பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போனோம். அந்தக் கடைச் சுவரிலும் போஸ்டர் இருந்தது.

முதலாளி கல்லாவை விட்டு எழும்பி வந்தார். “வாங்க, வாங்க. நம்ம தோட்டத்துப் புள்ள. ஒக்காருங்க” என்றார் அவளிடம். சுடச்சுட ஆறு வடையைக் கடதாசியில் சுற்றி அவள் கையில் வைத்தார். அவள் சிங்களத்தில் நன்றி சொன்னாள்.

முதலாளி என் பக்கம் திரும்பி வருத்தத்தோடு குரலைத் தாழ்த்தினார். “பாத்தீங்களா? ரெண்டு மாசம் கொழும்புல இருந்தாங்க, தமிழே மறந்துபோச்சு. நம்ம ஆளுங்க மேல போனா இப்படித்தான்.”

தோழி என்னைப் பார்த்தாள். “மொக்கத கியன்னே?” என்று கேட்டாள், என்ன சொல்கிறார் என்று. உன்னை நினைத்து ரொம்பப் பெருமைப்படுகிறாராம் என்றேன். அவள் கைகூப்பினாள். முதலாளி அவளோடு செல்பி எடுக்க வேண்டும் என்று போனை என்னிடம் கொடுத்து எடுக்கச் சொன்னார். மூன்று எடுத்தேன்.

“நீங்க இவங்களுக்கு யாருங்க?” என்றார் போனை வாங்கிக்கொண்டு.

“கூட வெளையாடுறவ.”

“அப்படியா. எந்த ஊரு?”

யோசித்தேன். “குருணாகல்.”

“அங்க இருந்துகிட்டு தமிழ் எவ்வளவு சுத்தமா பேசுறீங்க” என்று அவர் மெய்யாகவே சந்தோஷப்பட்டார்.

பஸ்ஸில் தோழி வடையைப் பங்கு போட்டாள். எனக்கு இரண்டு, தனக்கு நான்கு. ஏன் என்று கேட்டதற்கு, போஸ்டரில் இருப்பது தான்தானே என்றாள்.