நிறுத்தி வைக்கிற பட்டன்

போன மாதம் மகன் கேபிளை எடுத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் விரல் நீளத்தில் ஒரு இன்டர்நெட் குச்சியைச் செருகினான்.

"இனிமே நெனச்ச நேரத்துல சீரியல் பாரும்மா. வேணும்னா பாதியில நிறுத்திக்கலாம்" என்றான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கேபிள் இருந்தவரை, ஏழு மணி சீரியல் முடியும்வரை என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இன்று ஷிப்ட் முடிந்து வந்த மருமகள், "அத்த, சீரியல நிறுத்தி வெச்சிட்டு வெங்காயம் அரிஞ்சு குடுங்களேன்" என்றாள்.

அரிந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"யம்மா, மாடியில யூனிபார்ம் காயுது, எடுத்துகினு வா. சீரியல் எங்க ஓடிடப் போவுது?" என்றான் மகன்.

"அது ஓடாதுடா. நான்தான் ஓடிகினு கீறேன்."

இருவரும் சிரித்தார்கள். தாலி கட்டப் போன கை டிவியில் அப்படியே நிற்கிறது. நான் மாடியில் நிற்கிறேன்.

எங்கள் பழைய கேபிள்காரர், ஆடிக் கிருத்திகையன்று டிவியில் வல்லக்கோட்டை முருகன் அபிஷேகம் ஓடும்போதே லைனைப் பிடுங்கியவர். அன்றிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை. இப்போது பேசத் தயார். யாரிடமாவது அவர் நம்பர் இருந்தால் அனுப்புங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.